அட்மின் அதிகாரத்துக்கும் ஒரு வரம்பு வேண்டும்

பொதுக் கொள்முதலில், அதாவது அரசு பொருள்களும் பணிகளும் வாங்குவதில், நடக்கும் முறைகேடுகளைக் கண்காணிக்கும் தன்னார்வக் குழு ஒன்றின் ஒருங்கிணைப்பாளர் தம் சிக்கலை எழுதியிருக்கிறார். முன்பு மாதம் ஒருமுறை நேரில் கூடி முடிவெடுத்த நாற்பது பேரும் இப்போது எல்லாவற்றையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் நடத்துகிறார்கள். வேலை விரைவாக நடக்கிறது. ஆனால் நள்ளிரவில் நான்கைந்து பேர் பேசி முடித்ததே குழுவின் முடிவாகிவிடுகிறது, மூத்த உறுப்பினர்கள் வாய் திறப்பதில்லை, சரிபார்க்கப்படாத ஆவணம் ஒன்று வெளியே போய்விட்டது. எந்தச் செயலிக்கு மாறலாம் என்றும், வெளிப்படைத்தன்மையைக் கோரும் நாங்களே உறுப்பினர்களிடம் எதையாவது மறைப்பது முறையா என்றும் கேட்கிறார்.

செயலியை மாற்றுவதால் இது தீராது. நேரடிக் கூட்டத்தில் தலைமை வகிப்பவர், குறைந்தபட்ச வருகை, நிகழ்ச்சிக் குறிப்பேடு ஆகியவை இருந்தன. உரையாடல் குழுவுக்கு மாறியபோது அவற்றை நீக்குவதென்று யாரும் முடிவெடுக்கவில்லை. இருந்தும் அவை இல்லாமல் போயின. அந்த இடத்தில், யாரும் தேர்ந்தெடுக்காத ஓர் அதிகாரம் வந்து அமர்ந்திருக்கிறது. ஒருவரைக் குழுவிலிருந்து நீக்கவும், பதிவை அழிக்கவும், கோப்புகளைப் பூட்டவும் முடிகிறவர் எந்தப் பதவியிலும் இல்லாவிட்டாலும் நடைமுறையில் அவரே தலைவர். அதிகாரத்தில் இருப்பவர்களிடம் கணக்குக் கேட்கும் அமைப்பு இந்த அதிகாரத்துக்கும் கணக்குக் கேட்டாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இணையதளம், மின்னஞ்சல், கோப்புச் சேமிப்பு ஆகியவற்றின் கணக்குகள் தனிமனிதர் பெயரில் இல்லாமல் அமைப்பின் பெயரில் இருக்கட்டும். குறைந்தது இரண்டு பேரிடம் அணுகல் இருக்கட்டும். அந்தப் பொறுப்பு குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கைமாறட்டும். எவரையும் நீக்குவதற்கு எழுத்துப்பூர்வமான முடிவு தேவை என்று விதி செய்யுங்கள்.

பேச்சையும் முடிவையும் பிரிப்பது அடுத்த வேலை. விவாதம் எந்த நேரத்திலும் நடக்கலாம், ஆனால் முடிவு என்பது தனியாக எழுதப்பட்ட முன்மொழிவின் மீது, முன்கூட்டி அறிவித்த கால அளவுக்குள் (மூன்று நாள் போதும்), குறைந்தபட்ச எண்ணிக்கையினர் தங்கள் கருத்தைப் பதிந்த பிறகே செல்லும் என்று வையுங்கள். பதில் வராததைச் சம்மதமாக எண்ணக் கூடாது. அவசரம் என்றால் முன்பே நியமித்த மூவர் முடிவெடுத்து, பிறகு குழுவின் ஒப்புதலைப் பெறலாம். மூத்தவர்களின் மௌனத்துக்குத் தொழில்நுட்பம் தெரியாததுதான் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நூற்றுக்கணக்கான செய்திகளுக்கு நடுவே நிதானமாக எழுதப்பட்ட ஒரு கருத்துக்கு இடமில்லை என்பதே பெரும்பாலும் உண்மையான காரணம். தொலைபேசியில் அவர்களிடம் கருத்துக் கேட்டு, அதை முன்மொழிவின் கீழ் பதிவதற்கு ஒருவரை அமர்த்துங்கள். அதிகச் செய்தி போடுபவரே அதிகம் உழைப்பவர் என்ற எண்ணமும் போக வேண்டும்: ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களை வரிவரியாக ஒப்பிட்டுப் பார்ப்பவர் நாள் முழுக்க ஒரு செய்திகூடப் போட்டிருக்க மாட்டார்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பணம், முடிவுகள், அவற்றுக்கான காரணங்கள் ஆகியவை எல்லா உறுப்பினர்களுக்கும் தெரிய வேண்டியவை. தகவல் தந்தவரின் அடையாளம் அப்படிப்பட்டதன்று. 2003இல் ஏற்கப்பட்ட ஐக்கிய நாடுகளின் ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கை, பொதுமக்களின் பங்கேற்பை 13ஆம் பிரிவிலும், முறைகேட்டைத் தெரிவிப்பவர்களின் பாதுகாப்பை 33ஆம் பிரிவிலும் வைத்திருக்கிறது. ஒன்று மற்றொன்றை ரத்து செய்வதில்லை. பனாமா நாட்டுச் சட்ட நிறுவனம் ஒன்றிலிருந்து கசிந்து 2016இல் வெளியான பனாமா ஆவணங்களையே பாருங்கள். ஏறத்தாழ 1.15 கோடி கோப்புகளை 370க்கும் மேற்பட்ட செய்தியாளர்கள் தங்களுக்குள் மட்டும் பொதுவான, பாதுகாப்பான இணையத் தளம் ஒன்றின் வழியே ஆராய்ந்தார்கள். கண்டுபிடித்தவற்றைத் தங்களுக்குள் தாராளமாகப் பகிர்ந்துகொண்டார்கள். ஒரே நாளில் வெளியிடுவதென்ற உடன்பாட்டுக்குக் கட்டுப்பட்டார்கள். ஆனால் கோப்புகளைத் தந்தவர் யார் என்பது முதலில் அவற்றைப் பெற்ற செய்தியாளர்களுக்கே தெரியாது.

உங்கள் அளவுக்கு இதைச் சுருக்கினால், மூல ஆவணம் இரண்டு மூன்று பேரிடம் மட்டும் இருக்க, மற்றவர்கள் அடையாளம் நீக்கிய பிரதியில் வேலை செய்வார்கள். பெயரை மறைத்தால் மட்டும் போதாது. கோப்பின் உள்ளே எழுதியவரின் பெயர், திருத்திய நேரம், படம் எடுத்த இடம் ஆகியவை பதிந்திருக்கலாம். சில வண்ண அச்சுப்பொறிகள் கண்ணுக்கு எளிதில் புலப்படாத மஞ்சள் புள்ளிகளைத் தாளில் பதிப்பதால், ஸ்கேன் செய்த பக்கம்கூட எந்த இயந்திரத்தில் அச்சானது என்று காட்டிவிடும். மூலத்தை மாற்றாமல் பூட்டி வைத்து, யார் எப்போது திறந்தார் என்ற பதிவேட்டை வைத்திருங்கள். வெளியிடுவதற்கு முன் தொடர்பில்லாத இருவர் தனித்தனியே சரிபார்க்கவும், குற்றம் சாட்டப்படுபவரிடம் விளக்கம் கேட்கவும் வேண்டும்.

ஏற்கெனவே வெளியே போன ஆவணத்தைப் பொறுத்தவரை, கசியவிட்டவர் யார் என்று உறுப்பினர்களின் தொலைபேசிகளைச் சோதிக்கும் வேலையில் இறங்காதீர்கள். அந்தப் பிரதியிலிருந்து தகவல் தந்தவரை அடையாளம் காண வழியிருக்கிறதா என்பதை இன்றே பாருங்கள். இருக்குமானால், குழுவில் அதைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவருக்குப் பாதுகாப்பான வழியில் தெரிவித்து, அடுத்து என்ன செய்யலாம் என்பதை அவரிடமே கேளுங்கள்.