அப்பாவின் கிடாரைப் புதிதாக்க வேண்டாம்

மறைந்த அப்பாவின் நினைவாகக் கிடார் வாங்குவது, பழுதுபார்ப்பது பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: அப்பா வாசித்த நைலான் கம்பிக் கிடாரை அவர் நினைவு நாளில் வாசிக்க ஆசைப்பட்டுக் கடையில் கொடுத்தேன். 'சத்தம் நல்லா வரும்' என்று ஸ்டீல் கம்பி மாட்டித் தந்தார்கள். மூன்றே வாரத்தில் பிரிட்ஜ் (மேல்பலகையில் கம்பிகளைப் பிடித்து வைக்கும் கட்டை) பின்பக்கம் தூக்கிக்கொண்டது. 'பழைய கிடார், அப்படித்தான்' என்கிறார்கள். தவறு என்னுடையதா?

பதில்: இல்லை. நைலான் கம்பிகள் ஆறும் சேர்ந்து சுமார் 40 கிலோ இழுக்கும். ஸ்டீல் கம்பிகள் 70 கிலோவை எட்டும். நைலானுக்கென்று செய்த கிடாரின் மேல்பலகை மெல்லியது, அதைத் தாங்க உள்ளே ஒட்டிய மரச்சட்டங்களும் அந்த இழுவைக்கு உரியவை அல்ல. கிடார் கடைக்காரருக்கு இது அரிச்சுவடி. தெரியாமல் செய்தாலும் பொறுப்பு அவருடையதுதான்.

இப்போதே கம்பிகளைத் தளர்த்துங்கள். தூக்கிய இடத்தில் ஒரு காகிதத்தைச் செருகி, அது எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரியும்படி படம் எடுங்கள். வேறொரு பழுதுபார்ப்பவரிடம் செலவு மதிப்பீட்டை எழுதி வாங்கி, ரசீது நகலோடு அந்தக் கடைக்குக் கொடுத்துப் பணம் கேளுங்கள். 'இடுக்கில் பசை ஊற்றித் தருகிறேன்' என்றால் சம்மதிக்காதீர்கள். பிரிட்ஜை முழுதாகக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். கவலைப்படாதீர்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேள்வி: அப்பா இளமையில் விற்றுவிட்ட கிடாரின் அதே மாடலை இணையத்தில் பார்த்தேன். ஒரே ஒரு படத்தைப் பார்த்து முழுப் பணமும் அனுப்பி வாங்கினேன். வந்தபின் பார்த்தால் கழுத்து வளைந்திருக்கிறது. விற்றவர் பதில் சொல்வதில்லை.

பதில்: ஒரே ஒரு படத்தைப் பார்த்து முழுப் பணமுமா? முதலில் வங்கியிடமும் விற்ற தளத்திடமும் இன்றே புகார் கொடுங்கள், தாமதித்தால் அந்த வழியும் அடைபடும். அடுத்த முறை வீடியோ அழைப்பில் 12-ஆம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுதான் ஃபிரெட்) கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் உள்ள இடைவெளியை அளவுகோல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டீல் கம்பிக் கிடாரில் அது 2 முதல் 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. தலைப்பகுதி கழுத்தோடு சேரும் இடத்தையும் பின்பக்கமாகக் காட்டச் சொல்லுங்கள். நான் அதைக் கேட்காமல் வாங்கிய கிடார், முறிந்து ஒட்டியதாக இருந்தது.

கேள்வி: அப்பாவின் கிடாரை வைக்க எந்தக் கண்ணாடிப் பெட்டி நல்லது?

பதில்: பெட்டி வேண்டாம், அந்தப் பணத்தில் புதுக் கம்பியும் நாலு மாதப் பயிற்சியும் வாங்குங்கள்.

கேள்வி: அப்பாவின் கிடாரில் கீறல்கள், சாயம் போன இடங்கள். முழுதாகத் தேய்த்து பாலிஷ் போட்டால் புதிதாகிவிடும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: போடாதீர்கள். இதைப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

என் அப்பாவின் கிடாரில் ஒலித்துளைக்குக் கீழே விரல்நுனி அளவுக்கு ஒரு வெளிறிய இடம் இருந்தது. தாளம் தட்டும்போது அவர் சுண்டுவிரல் ஊன்றிய இடம். முதல் மூன்று ஃபிரெட்களில் கம்பி பதிந்த பள்ளங்களைப் பார்த்தால் அவருக்குப் பழகிய கோர்டுகள் (சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) எவை என்று சொல்லிவிடலாம். அவர் போன வருடம், மரியாதை செய்வதாக நினைத்து, நல்ல பணம் கொடுத்து எல்லாவற்றையும் தேய்க்கச் சொன்னேன். பளபளவென்று திரும்பி வந்தது. பள்ளமான ஃபிரெட்களும் போய்ப் புது ஃபிரெட்கள் வந்திருந்தன. அந்த வெளிறிய இடத்தை இன்றும் விரலால் தேடுகிறேன்.

பூச்சைத் தேய்க்கும்போது மேல்பலகையின் மரமும் கொஞ்சம் போகும், மேலே கனமாகப் பூசினால் ஒலி அடங்கும். விற்கும் மதிப்பும் பெரும்பாலும் குறையும். வாசிக்க முடியாத அளவுக்குத் தேய்ந்த ஃபிரெட், விரிசல், உள்ளே உதிர்ந்த மரச்சட்டம், இவற்றை மட்டும் சரிசெய்யச் சொல்லுங்கள். 'மேல்பூச்சைத் தொடக்கூடாது' என்று ரசீதிலேயே எழுத வையுங்கள். அழுக்கென்றால் லேசாக ஈரமான துணி போதும்.

கேள்வி: அப்பா வாசித்த ஏழு கேசட்கள் இருக்கின்றன. டிஜிட்டலாக மாற்றக் கொடுக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: கொடுப்பதற்கு முன் கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு சின்ன பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிடுங்கள், அப்புறம் யாரும் தவறிப்போய் மேலே பதிய முடியாது. எம்பி3 மட்டும் போதாது, ஒலியைச் சுருக்காத 24 பிட் வேவ் (WAV) கோப்பாகக் கேளுங்கள். ஓட்டும் கருவியின் வேகம் சரிபார்க்கப்பட்டதா என்றும் கேளுங்கள், வேகம் கூடினால் சுருதியும் கூடிவிடும். ஏழு கேசட்டும் திரும்பி வர வேண்டும் என்று எண்ணிக்கையோடு எழுதி வாங்குங்கள். 'தேவையில்லாத சத்தத்தை' வெட்டித் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பாட்டு தொடங்கும் முன் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கம்பியை முறுக்குவதும் அதில்தான் இருக்கிறது.