வெட்டும் ஒட்டும்: லைட் மெஷின் சத்தத்தை என்ன செய்வது?

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் ‘எந்த வீடியோ எடிட்டிங் சொப்ட்வெயார் நல்லது?’ என்ற கேள்விதான். எல்லாவற்றையும் முதல் கேள்விக்குள் அடக்கிவிட்டேன், கோபிக்க வேண்டாம். தலைப்பில் உள்ள லைட் மெஷின் கடைசிக் கேள்வியில் வரும்.

கேள்வி: அக்கா, என்னிடம் இருப்பது 8 ஜிபி ராம் உள்ள லப்டொப். போனில் 4கே-யில் எடுத்த கலியாண வீடியோவைப் போட்டால் இழுபடுகிறது. கூட்டாளி ஒருவன் கள்ள சொப்ட்வெயார் போட்டுத் தருகிறேன் என்கிறான். போடலாமா?
– நெல்லியடி வாசகர்

போட வேண்டாம் தம்பி. நானும் ஒருமுறை போட்டேன். அதோடு ஒட்டிக்கொண்டு வந்த வைரஸ் இரண்டு சாமத்தியவீட்டு வீடியோக்களைப் பூட்டிவிட்டுப் போனது. அதில் ஒரு வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் இன்றைக்கும் என்னைக் கண்டால் மரக்கறியைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார். நேர்வழியிலேயே காசில்லாமல் கிடைக்கிறதே. டாவின்சி ரிசோல்வ்-இன் இலவசப் பதிப்பில் வெட்டு, நிறம், ஒலி மூன்றும் செய்யலாம். ஆனால் அது கொஞ்சம் பெரிய வயிறுக்காரன். 16 ஜிபி ராமும் நல்ல கிராபிக்ஸ் கார்டும் கேட்கும். உங்கள் லப்டொப்புக்கு கேடென்லைவ் அல்லது ஷொட்கட் போதும்.

இழுபடுவதற்கு மருந்து ப்ரொக்சி. 4கே கோப்பு ஒவ்வொன்றுக்கும் சின்ன அளவில் ஒரு கொப்பி செய்து, அதை வைத்து வெட்டுவது. கடைசியில் வெளியே எடுக்கும்போது சொப்ட்வெயார் தானாக மூலக் கோப்பையே எடுத்துக்கொள்ளும். நான் சொன்ன மூன்றிலும் இந்த வசதி இருக்கிறது. இரவு படுக்கப் போகும்போது ப்ரொக்சி செய்ய விட்டுவிட்டுப் படுங்கள். 2022-இல் இங்கே இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற நாட்களிலும் என் பழைய லப்டொப்பில் வேலை ஓடியது ப்ரொக்சியாலும் தானியங்கிச் சேமிப்பாலும்தான். தானியங்கிச் சேமிப்பை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. போன் கமரா ஒரே வேகத்தில் படம் பிடிக்காது. வெளிச்சம் குறைந்தால், விநாடிக்கு எடுக்கும் பிரேம்களின் (தனிப் படங்களின்) எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கும். நாற்பது நிமிடச் சடங்கில் ஐயரின் வாயும் மந்திரமும் வேறு வேறு திசையில் போவது பெரும்பாலும் இதனால்தான். ஹேண்ட்பிரேக் என்ற இலவசக் கருவியில் பிரேம் வேகத்தை மாறாத வேகமாக்கி ஒருமுறை மாற்றி எடுத்துவிட்டு, அப்புறம் வெட்டத் தொடங்குங்கள்.

கேள்வி: மண்டபத்தில் எடுத்த வீடியோவில் கறுப்புப் பட்டிகள் மேலும் கீழும் ஓடுகின்றன. எடிட்டிங்கில் எடுக்கலாமா?
– சாவகச்சேரி வாசகர்

முழுதாக எடுக்க ஏலாது. எங்கள் நாட்டுக் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். லைட் விநாடிக்கு 100 தரம் மின்னி மறைகிறது. கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்குத் தெரியும். அடுத்த முறை விநாடிக்கு 25 பிரேமில், ஷட்டரை (ஒவ்வொரு பிரேமுக்கும் கமரா வெளிச்சத்தை வாங்கும் நேரத்தை) 50-இல் ஒரு பங்கு விநாடியில் வையுங்கள். வெளிச்சம் கூடினால் 100-இல் ஒரு பங்கு. போன் என்றால் இவற்றைக் கையால் மாற்றவிடும் கமரா ஆப் ஒன்று வேண்டும். மங்கலாக்கிய எல்ஈடி அலங்கார விளக்குகள் இந்தக் கணக்குக்கு அடங்காமல் அடம்பிடிக்கலாம். அதனால் மணமக்கள் வருமுன் பத்து விநாடி எடுத்துப் பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே எடுத்ததற்கு, அதே கிளிப்பின் கொப்பியை ஒரு பிரேம் தள்ளி மேலே வைத்து, பாதி ஒளிபுக விடுங்கள். பட்டி குறையும், படமும் கொஞ்சம் கலங்கும்.

கேள்வி: எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று எப்படித் தெரியும்? நான் தாளத்துக்குத் தாளம் வெட்டுகிறேன். ஆனால் அப்பா ‘கண் வலிக்குது’ என்கிறார்.
– கோண்டாவில் வாசகி

அப்பா சொல்வது சரி. போன கிழமை நான் வெட்டிய ஒரு தாலிகட்டைச் சொல்கிறேன். மூன்று கமரா. மாப்பிள்ளைக்குத் தாலிக்கொடியின் சுரை (திருகாணி) பூட்டவே வரவில்லை. விரல் வழுக்குகிறது, கெட்டிமேளம் நிற்காமல் போகிறது, பின்னால் நின்ற தங்கச்சி பெண்ணின் பின்னலைத் தூக்கிப் பிடித்தபடி சிரிப்பை அடக்குகிறாள். இருபது விநாடிக்கு மேல். நேரே விட்டால் சலிக்கும், சுருக்கிவிட்டால் அந்தப் பதற்றம் போய்விடும்.

முதலில் படத்தைத் தொடவில்லை. மேடைக்குக் கிட்ட நின்ற கமராவின் ஒலியைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே துண்டாகக் கீழே போட்டேன். தவிலும் நாதஸ்வரமும் அறாமல் ஓடினால், மேலே படத்தை எங்கே வெட்டினாலும் காது நம்பும். (அந்த ஒலி அளவுமானியின் சிவப்பில் முட்டிக் கிழிந்திருக்கக் கூடாது, கிழிந்ததைத் தைக்க முடியாது.) மேளத்தைக் கொஞ்சம் முன்னாலேயே தொடங்கினேன்: பெண் கூறை உடுத்துக்கொண்டு வந்து இருக்கும் படத்தின் கடைசி 12 பிரேமில், கிட்டத்தட்ட அரை விநாடி. ஒலி முன்னே, படம் பின்னே. இதற்கு ஜே வெட்டு என்று பெயர்.

பிறகு மூன்று கமராவையும் சத்தமில்லாமல் பார்த்தேன். அப்போதுதான் பெண்ணின் அம்மா கண்ணில் பட்டார். அவர் தாலியையும் பார்க்கவில்லை, மகளின் முகத்தையும் பார்க்கவில்லை. பூச்சரம் கொடியில் மாட்டிவிடுமோ என்று அந்தத் தங்கச்சியின் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். சுரை பூட்டி முடிந்த பிறகுதான் கண் மெல்ல மகளிடம் போகிறது. விரல், தங்கச்சியின் சிரிப்பு, மறுபடி விரல், அம்மா. ஐந்தாவது வெட்டே இல்லை. அம்மாவின் கண் மகளிடம் போன பிறகும் 40 பிரேம் அப்படியே விட்டேன், ஒன்றரை விநாடிக்குச் சற்று மேல். அந்த வீட்டுக்காரர் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது அந்த இடத்தைத்தான்.

அமெரிக்கப் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச், ஒரு வெட்டை எதை வைத்து முடிவெடுப்பது என்று ஆறு விஷயங்களை வரிசைப்படுத்தினார். உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, தாளத்துக்கு 10. ஆட்கள் நிற்கும் இடம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்பதற்குக் கடைசியாக 4. உங்கள் வெட்டுகள் அந்த 10-ஐ மட்டும் பிடித்துத் தொங்குகின்றன, அதுதான் அப்பாவின் கண் வலி.

கேள்வி: வீடியோவில் தமிழ் எழுத்துப் போட்டால் ‘கொ’ உடைந்து, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. ஏன்?
– மானிப்பாய் வாசகர்

பிரீமியர் சொப்ட்வெயார் என்றால் கிராபிக்ஸ் விருப்பங்களுக்குள் எழுத்து இயந்திரம் என்று ஒன்று இருக்கிறது. அதைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றிவிட்டு, மூடித் திறந்து பாருங்கள். எழுத்துரு யூனிகோட் ஆக இருக்க வேண்டும். கூகுளின் நோட்டோ தமிழ் இலவசம். அச்சகத்தில் வாங்கிய, யூனிகோட் அல்லாத பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பெயர்ப்பட்டியலை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு பெயர்களை வீட்டுக்காரரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். சம்பந்தியின் பெயரில் ஒரு கொம்பு குறைந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கேள்வி: அம்மா அப்பாவின் கலியாணக் கசெட், 1992-இல் கோப்பாயில் எடுத்தது. இங்கே ஒரு பழைய வீடியோ டெக் வாங்கிப் போட்டோம். படம் வரிவரியாய் உருளுகிறது. கசெட்டின் ஜன்னலில் வெள்ளையாய் ஏதோ தெரிகிறது. சின்னனில் பார்த்தபோது முழுக்க ஒரு மெஷின் இரைச்சல் கேட்ட ஞாபகம். அதையும் நீக்க முடியுமா?
– ஸ்காபரோ (கனடா) வாசகி

தங்கச்சி, முதலில் கசெட்டை வெளியே எடுங்கள். அந்த வெள்ளை பூஞ்சணமாக இருக்கலாம். டெக்கின் ஹெட்டில் (நாடாவை வாசிக்கும் பாகத்தில்) ஒட்டி, அடுத்துப் போடும் கசெட்டுக்கும் பரவும். சிலிக்கா ஜெல் பைகளோடு ஒரு மூடிய பெட்டியில் சில கிழமை வையுங்கள். காய்ந்த பிறகு, கசெட் சுத்தம் செய்து பழகிய ஒருவரிடம் கொடுங்கள். வீட்டில் துணியால் துடைக்கப் போகாதீர்கள்.

படம் உருளுவதற்குக் காரணம் வேறு. இங்கே எடுத்தது பால் (PAL) என்ற வீடியோ முறை, விநாடிக்கு 25 பிரேம். கனடாவின் டெக் என்டிஎஸ்சி (NTSC) என்ற வேறு முறை. பால் ஓடும் டெக் ஒன்றோ பல முறைகளும் ஓடும் டெக் ஒன்றோ தேவை, கணினியில் பதியும் கருவியையும் பாலுக்கு மாற்ற வேண்டும். 720-க்கு 576 அளவில், அதிகம் சுருக்காமல் பதியச் சொல்லுங்கள். DV என்ற கோப்பு வடிவமென்றால் ஒரு மணித்தியாலத்துக்கு 13 ஜிபி வரும், வரட்டும். அதோடு, படத்தை அகலத் திரைக்கு இழுக்கவே கூடாது. அம்மாவின் முகம் பூசணிக்காய் ஆகிவிடும். இரண்டு பக்கமும் கறுப்பு நின்றால் நிற்கட்டும்.

இனி இரைச்சல். அது லைட் மெஷின். கரண்ட் இல்லாத, மண்ணெண்ணெயே அரிதாகக் கிடைத்த காலம். வீடியோ எடுக்கவென்றே ஜெனரேட்டர் கொண்டுவந்து வளவின் மூலையில் வைத்திருப்பார்கள். இன்றைய ஒலிக் கருவிகளால் அதைக் கிட்டத்தட்டத் துடைத்துவிடலாம். ஆனால் அதோடு சேர்த்துப் பேச்சையும் அரித்துவிடும், ஆட்கள் தண்ணீருக்குள் இருந்து கதைப்பது போல் கேட்கும். யாராவது கதைக்கும் இடத்தில் மட்டும் இரைச்சலை 6 டெசிபெல் இறக்குங்கள். மூல ஒலியைத் தொடாத கோப்பு ஒன்று தனியே இருக்கட்டும்.

என்னுடைய மாமாதான் எனக்கு இந்தத் தொழிலைப் பழக்கியவர். அவர் எடுத்த ஒரு கசெட்டில், பந்தி நடக்கும்போது மெஷின் சடாரென்று நின்றுவிடும். கமரா பற்றரியில் ஓடிக்கொண்டே இருக்கும், திரை முழுக்க இருட்டு. எட்டு விநாடி. ‘எண்ணெய் முடிஞ்சு போச்சு’ என்று ஒரு குரல், பிறகு பந்தி முழுக்கச் சிரிப்பு. அதை டிஜிட்டலுக்கு மாற்றியபோது வீட்டுக்காரர் அந்த இருட்டை வெட்டச் சொன்னார். ஒருமுறை கேட்டுவிட்டு முடிவெடுங்கள் என்று ஹெட்போனைக் கொடுத்தேன். சிரித்தவர்களில் ஒருவர் அவருடைய அம்மா. அந்த எட்டு விநாடி இன்னும் அப்படியே இருக்கிறது.