விளையாட்டு அமைப்பில் பயனர் ஆய்வு: வீரர்களிடம் உண்மையை எப்படிக் கேட்பது?

கேள்வி: கோவையைச் சேர்ந்த நான் வங்கி, காப்பீட்டுச் செயலிகளுக்குப் பயனர் ஆய்வு, அதாவது பயன்படுத்துகிறவர்களிடம் பேசியும் அவர்களைக் கவனித்தும் சிக்கல்களைக் கண்டறியும் வேலை, செய்துவருகிறேன். டெல்லியில் உள்ள ஒரு தேசிய விளையாட்டு அமைப்பில் ஓராண்டு ஒப்பந்த வேலை வந்திருக்கிறது. வீரர் பதிவு, உதவித்தொகை, பயிற்சி விவரம் மூன்றையும் ஒரே செயலியில் கொண்டுவரப் போகிறார்கள். ‘பயிற்சியாளர்கள் மூலம் எல்லா வீரர்களுக்கும் ஒரு கேள்விப்படிவம் அனுப்பிவிடலாம், சீக்கிரம் முடிந்துவிடும்’ என்கிறார்கள். விளையாட்டுத் துறை எனக்குப் புதிது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்தக் கேள்விப்படிவத்தை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். பதில்கள் குவியத்தான் செய்யும். ஆனால் முக்கால்வாசிப் பேர் ‘எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்றே எழுதுவார்கள்.

வங்கிச் செயலி பிடிக்காத வாடிக்கையாளர் வேறு வங்கிக்குப் போய்விடுவார். பதினேழு வயதுக் கபடி வீராங்கனை எங்கே போவாள்? முகாமுக்கு யாரை அழைப்பது, அணியில் யாரைச் சேர்ப்பது என்பதெல்லாம் பயிற்சியாளர் வாயிலும் தேர்வுக் குழு கையிலும் இருக்கிறது. நீங்கள் எவ்வளவு அன்பாகப் பேசினாலும், டெல்லி அலுவலகத்திலிருந்து நோட்டுப் புத்தகத்தோடு வந்தவரைத் தேர்வுக் குழுவின் ஆள் என்றுதான் அவள் நினைப்பாள். அவளுக்கு அந்த அச்சம் இல்லாதபடி ஏற்பாடு செய்வதுதான் உங்கள் வேலையில் கடினமான பகுதி. வங்கியில் நீங்கள் கற்ற மற்ற முறைகள் எல்லாம் இங்கேயும் பயன்படும்.

முதலில் உயரதிகாரியிடமிருந்து எழுத்தில் ஒன்று வாங்குங்கள்: ஆய்வில் யார் என்ன சொன்னார் என்பது பயிற்சியாளருக்கோ தேர்வுக் குழுவுக்கோ போகாது என்று. அதை வீரர்களின் மொழியில் அச்சடித்து, பேச்சைத் தொடங்கும் முன் அவர்கள் கையில் கொடுங்கள். ஒரே பயிற்சி மையத்தில் மணிப்பூர், ஹரியாணா, ஜார்க்கண்ட், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து தங்கியிருப்பார்கள். எல்லாருக்கும் இந்தி தெரியும் என்று எண்ணிவிடாதீர்கள். மொழிபெயர்க்க விடுதிக் காப்பாளரை உட்காரவைத்தால் காரியம் கெட்டுவிடும். வெளியாள் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள்.

18 வயதுக்கு உட்பட்டவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அவர்கள் குழந்தைகள்தாம். அவர்களுடைய தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் தேவை. பயிற்சியாளர் போடும் கையெழுத்து அதற்கு ஈடாகாது. அவர்களோடு மூடிய அறையில் தனியாகவும் பேசாதீர்கள். மைதானத்தின் ஓரமாக, எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி, யார் காதுக்கும் கேட்காதபடி உட்காருங்கள்.

நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். காலையிலும் மாலையிலும் பயிற்சி, நடுவில் உறக்கம். அந்த உறக்கமும் பயிற்சியின் ஒரு பகுதிதான் என்பதால் அதைக் கெடுக்க வேண்டாம். ஓய்வு நாளில் போங்கள். பெரிய போட்டி நெருங்கும்போது போகவே வேண்டாம்.

இன்னொன்று, வங்கி வேலையில் நீங்கள் கேள்விப்பட்டே இருக்க மாட்டீர்கள். பேட்டி கொடுத்தவர்களுக்கு நன்றியாகப் புரதப் பட்டையோ சத்துபானமோ தராதீர்கள். ஊக்கமருந்து விதிகளின்படி, தடைசெய்யப்பட்ட பொருள் எப்படி உடலுக்குள் போயிருந்தாலும் அதற்கு வீரரே பொறுப்பு. கலப்படம் தெரியாமல் சாப்பிட்டேன் என்று சொன்னால் தண்டனை குறையலாமே தவிர பழி நீங்காது. உங்கள் அன்பளிப்பால் ஒருவருடைய எதிர்காலம் ஆபத்தில் சிக்கிவிடக் கூடாது.

அடுத்து, படிவத்தை உண்மையில் நிரப்புவது யார் என்று கண்டுபிடியுங்கள். கணக்கு வீரர் பெயரில் இருக்கும். விவரங்களைப் பதிவது பயிற்சியாளராகவோ, உடற்கல்வி ஆசிரியராகவோ, அண்ணனாகவோ, ஊரிலுள்ள இணைய மையத்துக்காரராகவோ இருக்கலாம். இதற்குக் கேள்வி எதுவும் வேண்டாம். ‘உங்கள் பதிவைத் திறந்து காட்டுங்கள்’ என்று சொல்லிவிட்டு, ஓடிபி எந்தக் கைபேசிக்குப் போகிறது என்று கவனியுங்கள். பயிற்சியாளரின் எண்ணுக்குப் போனால், அந்தச் செயலியில் வீரர் தன் பயிற்சியாளர் மேல் புகார் கொடுக்க வழியே இல்லை என்று பொருள்.

பெயர்க் கட்டத்தையும் பாருங்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு முதலெழுத்து உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. குடும்பப் பெயர்க் கட்டத்தைக் கட்டாயமாக்கினால் ஒருவர் அப்பா பெயரை எழுதுவார், இன்னொருவர் முதலெழுத்தையே போடுவார், வேறொருவர் தன் பெயரையே இரண்டாக உடைப்பார். பிறப்புச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாகப் பெயர் நிற்கும். மத்திய அரசின் விளையாட்டு வளர்ச்சித் திட்டமான கேலோ இந்தியாவில் தேர்வான வீரருக்கு மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுத் தொகை உண்டு. பெயர் பொருந்தாமல் அப்படி ஒரு தொகை நின்றுபோனால், ஏழை வீட்டுப் பிள்ளை விளையாட்டையே விட்டுவிடவும் கூடும். வயது மோசடியைத் தடுக்கச் சான்றிதழ்களைக் கடுமையாகச் சோதிக்கும் துறை இது. எழுத்துக் குளறுபடிகூட மோசடி போலத் தோன்றிவிடும். ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படும் இடம் இதுதான். இங்கே நாட்களைத் தாராளமாகச் செலவழியுங்கள்.

சின்னத் தடங்கல் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று மேலதிகாரிகளுக்குப் புரியவைக்க ஒரு நிகழ்வைச் சொல்லலாம். ஊக்கமருந்துச் சோதனைக்கான பதிவுப் பட்டியலில் உள்ள வீரர், அடுத்த மூன்று மாதங்களில் எந்த நாள் எங்கே இருப்பார் என்று முன்கூட்டியே பதிய வேண்டும். நாளொன்றுக்கு 60 நிமிடம் குறித்துத் தந்து, அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருக்கவும் வேண்டும். 12 மாதத்தில் மூன்று முறை தவறினால் தடை வரும். 2020 ஜூனில் இந்திய கிரிக்கெட் வீரர், வீராங்கனைகள் ஐந்து பேர் இந்த விவரத்தைப் பதியவில்லை என்று தேசிய ஊக்கமருந்து எதிர்ப்பு முகமை நோட்டீஸ் அனுப்பியது. கடவுச்சொல் சிக்கல்தான் காரணம் என்று கிரிக்கெட் வாரியம் விளக்கம் சொன்னது. உதவிக்கு ஒரு வாரியமே இருக்கும் வீரர்களுக்கு இந்தக் கதி என்றால், தனியாக ஓடிப் பழகும் மாவட்டத் தடகள வீராங்கனையின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் பேசவேண்டியவர்களின் பட்டியலில் விளையாட்டை விட்டு விலகியவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குத் தேர்வு பயம் இல்லை, அதனால் மனம்விட்டுப் பேசுவார்கள். பார்வைச் சவால் உள்ள பாரா வீரர்கள், திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பானோடு இந்தச் செயலியைப் பயன்படுத்துவதைத் தொடக்கத்திலேயே பார்த்துவிடுங்கள். கடைசியில் பார்த்தால் திருத்த நேரம் இருக்காது.

இவ்வளவு பாடுபட்டால் பலன் உண்டா என்று கேட்டால், உண்டு என்பேன். இங்கிலாந்தின் தேசிய விளையாட்டு அமைப்பான ஸ்போர்ட் இங்கிலாந்து, பெண்கள் ஏன் உடற்பயிற்சியிலிருந்து விலகி நிற்கிறார்கள் என்று ஆராய்ந்தது. தோற்றத்தையும் திறமையையும் பார்த்து மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற அச்சமே பெரிய தடை என்று தெரியவந்தது. 2015 ஜனவரியில் அது தொடங்கிய ‘திஸ் கேர்ள் கேன்’ (இந்தப் பெண்ணால் முடியும்) பிரசாரம் முழுக்க இந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல் எழுந்ததுதான்.

அறிக்கையைப் பொறுத்தவரை, ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். அதிகாரிகள் மாற்றலாகிப் போவார்கள், கோப்பு மட்டும் நிற்கும். அடுத்து வருகிறவருக்கும் புரியும்படி எழுதுங்கள். முடிந்தால் அதிகாரியையே மையத்துக்கு அழைத்துப்போய், ஒரு வீரர் பதிவு செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மையங்களுக்கு நேரில் போகப் பயணச் செலவு ஒதுக்கியிருக்கிறார்களா? ஆய்வுக் குறிப்புகள் யார் வசம் இருக்கும்? குறிப்புகள் அணித்தேர்வுப் பிரிவுக்கும் போகும் என்று பதில் வந்தால், அந்த விதியை மாற்றும்வரை வீரர்களிடம் பேச ஒப்புக்கொள்ளாதீர்கள்.