'ஸ்கின்னி' என்றது ஏன் குத்தியது

தம்பி, கூட வேலை செய்யும் பெண்ணின் கல்யாணப் படத்துக்குக் கீழே பாராட்டாக நினைத்து, ஒல்லி என்ற பொருளில் ஆங்கிலத்தில் 'ஸ்கின்னி' (skinny) என்று எழுதினீர்கள், அவர் பேச்சை நிறுத்திவிட்டார், சரிதானே? அது ஸ்கின், அதாவது தோலிலிருந்து வந்த சொல். எலும்பும் தோலுமாக இருக்கிறாய் என்ற வாடை அதில் ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். இங்கே மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த என்னையே 'ஒல்லிக்குச்சி' என்று கூப்பிட்டவர்களை நான் இன்னும் மறக்கவில்லை. பாராட்ட 'ஸ்லிம்' போதும். 'தின்' (thin) ஒல்லிக்கான பொதுச்சொல்தான், ஆனால் முகத்துக்கு நேரே அதுவும் வேண்டாம். ஜீன்ஸுக்கு 'ஸ்கின்னி' என்றால் காலோடு ஒட்டியது, லாத்தே காப்பிக்கு என்றால் கொழுப்பு எடுத்த பால், அங்கே பிரச்சினையே இல்லை. நாளைக்குப் பசியாறும் நேரத்தில் நேரிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுங்கள், அப்புறம் அந்தக் கருத்தை அழியுங்கள்.