மேடையும் மண்கூரையும்

அன்புள்ள ஐயா,

கட்டடக்கலை மூன்றாமாண்டு படிக்கிறேன். நவீனக் கட்டடக்கலை முழுக்க ஐரோப்பியச் சரக்கு, மற்ற பழம்பண்பாடுகள் அதற்குக் கொடுத்தது வெறும் அலங்காரம்தான் என்று வகுப்பில் ஒரு பேச்சு வந்தது. மறுக்க நினைத்தேன். கைவசம் இருந்த ஒரே உதாரணம் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டின் எனிஸ் இல்லம். அது போதுமா?

கா.

அன்புள்ள கா.,

போதாது. சொல்லப்போனால் அது எதிர்த்தரப்புக்குத்தான் உதவும். 1924இல் லாஸ் ஏஞ்சல்ஸில் கட்டிய அந்த வீட்டின் கான்கிரீட் கட்டிகளில் இருப்பது மெக்சிகோவின் பழைய மாயர் இனத்தாரின் உஷ்மால் நகரச் சுவர்க்கோலத்தின் சாயல். அழகுதான், ஆனால் தோலோடு நின்றுவிடுகிறது. (ஜப்பானிய அச்சோவியங்களிடம் கற்றேன், ஜப்பானியக் கட்டடங்களிடம் அல்ல என்று அடம்பிடித்தவர் ரைட். கலைஞர்களின் வாக்குமூலத்தை நான் பாதிதான் நம்புவேன்.)

அதே மாயர்களிடம் டென்மார்க் கட்டடக்கலைஞர் யோர்ன் உட்சோன் எதைப் பார்த்தார் என்று கவனியுங்கள். 1949இல் மெக்சிகோ போனார். யுகாத்தான் காட்டுக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் இலைதான். மாயர்கள் மரங்களின் தலை உயரத்துக்குக் கல்மேடை எழுப்பினார்கள். படியேறி மேலே வந்தால் சட்டென்று வானம், தொடுவானம்வரை வெட்டவெளி. கோயிலைவிட அந்த மேடைதான் அவரைப் பிடித்துக்கொண்டது. அவர் வடிவமைத்த சிட்னி ஓபரா ஹவுஸ் (1973) என்றால் எல்லோரும் சிப்பி போன்ற வெள்ளைக் கூரைகளைத்தான் பார்க்கிறோம். அவற்றுக்குக் கீழே, அகலமான படிகளோடு கிடக்கும் மேடையைப் பாருங்கள். ஒப்பனை அறைகளும் சரக்கு வரும் வழியும் அதன் வயிற்றுக்குள். மேலே ஜனங்கள், வானம், கடல். மாயர் கோலம் ஒன்றுகூடக் கிடையாது. 1962இல் இந்த மேடைகளைப் பற்றி அவரே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டாம் உலகப்போரின்போது எகிப்தில் மரத்துக்கும் இரும்புக்கும் தட்டுப்பாடு. அந்நாட்டுக் கட்டடக்கலைஞர் ஹசன் ஃபாதி சுடாத மண்கல்லால் வளைவுக் கூரை போட்டுப் பார்த்தார், இடிந்து விழுந்தது. அஸ்வான் பக்கத்து நூபியக் கொத்தனார்களுக்கோ அது அன்றாட வேலை. பின்சுவரில் களிமண்ணால் வளைவைக் கண்மதிப்பாக வரைந்துகொள்கிறார்கள். முதல் வரிசையை அந்தச் சுவரில் சாய்த்து ஒட்டுகிறார்கள், அடுத்தது அதன்மேல் சாய்கிறது. கல்லின் முகத்தில் விரலால் இழுத்த கீறல்கள் ஈரக் களிமண்ணைக் கவ்விக்கொள்ளும், கல் நழுவாது. கட்டும்போது கீழே முட்டுக் கொடுக்கும் சென்டரிங் பலகையே வேண்டாம். லக்சர் அருகே ராமேசியம் கோயிலின் தானியக் கிடங்குகளில் இதே கூரையின் பகுதிகள் 3,000 ஆண்டுகளுக்கு மேலாக நிற்கின்றன. ஃபாதி அந்தக் கொத்தனார்களையே வரவழைத்துப் புதிய குர்னா கிராமத்தைக் கட்டினார். அங்கே குடியேற வேண்டியவர்களில் பெரும்பாலோர் வர மறுத்துவிட்டார்கள். அது வேறு கதை, அந்தப் பழியைக் கூரைமேல் போட முடியாது.

வகுப்பில் இந்த இரண்டையும் முதலில் வையுங்கள். எனிஸ் இல்லத்தை வேண்டுமானால் கடைசியில் ஓரமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.