புது ஹேண்ட்மேட் கிட்டார் பழைய யமஹாவை விட மந்தமாக ஒலித்தால்

ஏமாந்துவிட்டதாக இப்போதே முடிவு கட்டாதீர்கள். ஹேண்ட்மேட் கிட்டார் உங்கள் பழைய யமஹா எஃப்310-ஐ விட மந்தமாக ஒலிக்கிறது என்றால், நீங்கள் இருப்பது சென்னை, மாதம் நவம்பர் என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றின் ஈரத்தை.

எஃப்310-இன் மேற்பலகை (ஒலித்துளை உள்ள முன்பலகை) லேமினேட், அதாவது மெல்லிய மரத்தகடுகளை ஒட்டிச் செய்தது. ஈரம் அதை அவ்வளவாக அசைக்காது. உங்கள் புதியதன் மேற்பலகை சாலிட் ஸ்ப்ரூஸ், அதாவது அடுக்கடுக்காக ஒட்டாத முழு ஸ்ப்ரூஸ் மரம் என்றால், அது ஈரத்தைக் குடித்து, பிரிட்ஜுக்குப் (கம்பிகள் கட்டியிருக்கும் கட்டைக்குப்) பின்னால் உப்பும். கம்பி மேலேறும், ஒலி அடங்கிப்போகும்.

1. இரண்டிலும் ஒரே பிராண்ட், ஒரே கேஜில் (தடிமனில்) புதுக் கம்பி போட்டு ஒப்பிடுங்கள். பழைய கம்பியோடு ஒப்பிடுவது வீண்.

2. 12-வது ஃப்ரெட்டில் தடித்த ஈ கம்பியின் உயரத்தை அளந்து பாருங்கள். 2.5 மி.மீ. பக்கம் இருந்தால் சரி. 3.5-ஐத் தாண்டினால் உப்பலோ கழுத்து வளைவோ இருக்கலாம். ஸ்கேலை பிரிட்ஜுக்குப் பின்னால் குறுக்கே வைத்தால் உப்பல் கண்ணுக்கே தெரியும். லேசான வளைவு இயல்புதான்.

3. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லும் சின்ன ஹைக்ரோமீட்டரும் (ஈரப்பதம் காட்டும் கருவி) வையுங்கள். ஈரப்பதம் 45–55% வந்ததும் இரண்டு வாரம் விட்டு மறுபடி கேளுங்கள். நண்பரை வாசிக்கச் சொல்லி எதிரே உட்கார்ந்து கேட்பது இன்னும் நல்லது.

அப்படியும் மந்தம் என்றால் மேற்பலகை தடிமனாகவே விடப்பட்டிருக்கலாம். கையால் செய்ததெல்லாம் நன்றாக ஒலிக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஸ்பெயினின் கிட்டார் தயாரிப்பாளர் அந்தோனியோ தே தோரெஸ் 1862-ல் ஒரு கிட்டாரின் பக்கங்களையும் முதுகையும் காகித அட்டையில் செய்து, ஒலியைத் தீர்மானிப்பது மேற்பலகைதான் என்று காட்டினார். செய்தவரிடமே கொண்டுபோங்கள், உள்ளே மேற்பலகையைத் தாங்கும் பிரேஸை (மரச்சட்டங்களை) நீங்களாகச் சீவ வேண்டாம்.