அபிதான சிந்தாமணி வாங்கலாமா?

கேள்வி: என் மகள் இளங்கலைத் தமிழ் முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். 'அபிதான சிந்தாமணி' ஒன்று வீட்டில் இருக்கட்டும் என்று அவளுடைய பேராசிரியர் சொல்லியிருக்கிறார். கடையில் போய்ப் பார்த்தால் தலையணை கனத்துக்கு இருக்கிறது. ஒரு பதிப்பகத்தின் விலைக்கும் இன்னொன்றின் விலைக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். கேட்டதெல்லாம் போனிலேயே கிடைக்கிறதே, இந்தச் செலவு அவசியமா? வாங்குவதென்றால் எதை வாங்குவது?
– வாசகி, கரூர்

பதில்: அவசியம் வாங்குங்கள். புராணத்திலும் இலக்கியத்திலும் வரும் பெயர்களுக்கும் கதைகளுக்கும் அகர வரிசையில் விளக்கம் தரும் நூல் இது. தமிழ் படிக்கிற பிள்ளைக்கு அகராதிக்கு அடுத்தபடியாக வாங்கித் தர வேண்டிய நூல் இதுதான்.

காரணம் சொல்கிறேன். 'ஐந்தவித்தான் ஆற்றல்' என்று தொடங்கும் 25-ஆம் குறளை எடுத்துக்கொள்ளுங்கள். புலன்களை அடக்கியவனின் வலிமைக்கு இந்திரனே சாட்சி என்கிறார் வள்ளுவர். எப்படிச் சாட்சி? குறளில் விளக்கம் கிடையாது. அகலிகையையும் கௌதமரின் சாபத்தையும் படிப்பவருக்குத் தெரியும் என்று நம்பி விட்டுவிடுகிறார். 610-ஆம் குறளில் வரும் 'அடியளந்தான்' யார் என்பதும் அப்படித்தான். சொல்லுக்கு அகராதியில் பொருள் இருக்கும். அதற்குப் பின்னால் நிற்கும் கதை இருக்காது. நம் பழைய இலக்கியத்தில் பாதி இப்படிச் சொல்லாமல் விட்ட கதைகளின் மேல்தான் நிற்கிறது. அன்றாடப் பேச்சும் செய்தித்தாளும்கூட அப்படித்தான்: திரிசங்கு சொர்க்கம், பகீரத முயற்சி, சகுனி வேலை என்று எழுதுகிறவர் அடிக்குறிப்பு போடுவதில்லை.

போனில் தேடலாம், சரி. ஆனால் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் அது உதவும். அட்சய பாத்திரம் என்று தேடினால் மகாபாரதக் கதை வரும், சூரியன் தருமருக்குக் கொடுத்தது. மணிமேகலையின் கையில் இருந்தது வேறு பாத்திரம். அது அமுதசுரபி, மதுரையில் சிந்தாதேவி ஆபுத்திரனுக்குக் கொடுத்து, பிறகு மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையிலிருந்து மணிமேகலைக்குக் கிடைத்தது. மேடைப் பேச்சுகளில் இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அபிதான சிந்தாமணி போன்ற நூலில் ஒரு பெயரைத் தேடிப் போனால் அருகில் இருக்கும் நான்கு பெயர்களும் கண்ணில் படும். ஒரே பெயரில் பலர் இருந்தால் எண் போட்டுப் பிரித்துக் காட்டியிருக்கும். ஒளவையார் என்று ஒருவர்தான் இருந்தார் என்று நினைத்துக்கொண்டு கல்லூரிக்கு வருகிற பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் மிகப் பெரிய உதவி.

இனி, எதை வாங்குவது. நூலைத் தொகுத்தவர் ஆ. சிங்காரவேலு முதலியார், சென்னை பச்சையப்பன் கல்வி நிலையத்தில் தமிழாசிரியராக இருந்தவர். பாண்டித்துரைத் தேவரின் ஆதரவில் 1910-இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் வழியாக முதல் பதிப்பு வந்தது. அது ஆயிரம் பக்கத்தைச் சற்றே தாண்டும். அதோடு நிறுத்தாமல் மேலும் சேர்த்துக்கொண்டே இருந்தார். 1931-இல் அவர் மறைந்தார். விரிவான இரண்டாம் பதிப்பு 1934-இல் 1,600 பக்கத்துக்கு மேல் வெளிவந்தது. ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது எந்தப் பதிப்பைப் பின்பற்றியது என்பது. 1934-ஐப் பின்பற்றியதையே வாங்குங்கள்.

விலை வித்தியாசத்துக்கும் விடை அந்த ஆண்டுகளில் இருக்கிறது. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தால் நூல் பொதுவுடைமை. இந்த நூலின் பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் தாளுக்கும் பைண்டிங்குக்கும் எழுத்துக்கோப்புக்கும்தான். அதில் பைண்டிங்குக்குக் கொடுப்பது வீண் போகாது. இவ்வளவு கனமான நூல் பசை மட்டும் போட்டு ஒட்டியதாக இருந்தால் புரட்டப் புரட்டப் பக்கம் கழன்றுவரும். ஃபாரம் ஃபாரமாக, அதாவது ஒரே அச்சுத்தாளை மடித்த பக்கக் கட்டுகளாகத் தைத்து, கெட்டி அட்டை போட்டிருக்கிறதா என்று முதுகுப் பக்கம் பாருங்கள்.

பழைய அச்சை அப்படியே நகலெடுத்த பதிப்பும் உண்டு, புதிதாகத் தட்டச்சு செய்ததும் உண்டு. புதியது கண்ணுக்கு இதம். ஆனால் தலைச்சொல்லில் ஓர் எழுத்து பிழையானால் அந்தப் பதிவு இருந்தும் இல்லாததுதான், தேடினால் அகப்படாது. மகளையும் கடைக்கு அழைத்துப் போய், பாடத்தில் வரும் மூன்று நான்கு பெயர்களைத் தேடச் சொல்லுங்கள். தெளிவான நகல் பதிப்பு கிடைத்தால் என் ஓட்டு அதற்கே. பழைய ணை, லை, றா எழுத்துகள் சீக்கிரமே பழகிவிடும். ர, ல-வில் தொடங்கும் வடமொழிப் பெயர்களை முன்னால் இ, உ, அ சேர்த்தும் தேட வேண்டும் என்று சொல்லிவையுங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. இது நூறாண்டுக்கு முந்தைய அறிவு. புராணம், சைவ வைணவ மரபு, இலக்கியம் ஆகியவற்றுக்கு நம்பி எடுக்கலாம். மன்னர்களின் காலம், மருத்துவம், சாதிகளைப் பற்றி எழுதியிருப்பவை ஆகியவற்றை அந்தக் காலத்தார் எப்படி நினைத்தார்கள் என்பதற்கான சான்றாக மட்டும் படிக்க வேண்டும்; தேர்வுத்தாளில் எடுத்து எழுதிவிடக் கூடாது. சீறாப்புராணம், தேம்பாவணி போன்ற இசுலாமிய, கிறித்தவக் காப்பியங்களைப் படிக்கும்போது இது ஒன்று மட்டும் போதாது, கலைக்களஞ்சியத்தையும் பார்க்க வேண்டும்.

கையில் பணம் இப்போது இல்லையென்றால் அவசரப்பட வேண்டாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பதிப்பை இலவசமாகப் படிக்கலாம். புத்தகக் காட்சிகளில் வழக்கமாகப் பத்து விழுக்காடு தள்ளுபடி உண்டு. இவ்வளவு விலையுள்ள நூலுக்கு அது கணிசம். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. அட்டை விலைக்கு மேல் வரி என்று யாராவது பில் போட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பழைய புத்தகக் கடையில் பெரியசாமித் தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியம் எட்டுத் தொகுதிகள் மட்டும் இருக்கின்றன. முழுத் தொகுப்பு இல்லை. வாங்கலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: தாராளமாக. முதல் தொகுதி 1954-இலும் பத்தாவது 1968-இலும் வந்தன. அகர வரிசை என்பதால் இல்லாத தொகுதிக்குரிய எழுத்துகள்தான் விடுபடும். அவற்றை இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் முழுத் தொகுப்பின் விலையைக் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பூச்சி அரித்திருக்கிறதா, வண்ணப் படத்தாள்களை யாராவது கிழித்திருக்கிறார்களா என்று ஒவ்வொரு தொகுதியையும் விரித்துப் பாருங்கள். மக்கள்தொகை, மாவட்டம் போன்ற விவரங்கள் அந்தக் காலத்தவை.

கேள்வி: இணையத்தில் வாங்கிய பெரிய அகராதியில் நடுவே பதினாறு பக்கங்கள் இல்லை. திருப்பி எடுக்கும் நாள் முடிந்துவிட்டது என்கிறார் விற்றவர்.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பதினாறு பக்கம் என்றால் ஒரு ஃபாரம் விடுபட்டிருக்கிறது. அது தயாரிப்புக் குறை. மனம் மாறித் திருப்புவதும் இதுவும் ஒன்றல்ல. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-இன் மின்வணிக நுகர்வோர் விதிகள் சொல்கின்றன. விடுபட்ட இடத்துக்கு முன்பக்கமும் பின்பக்கமும் எண் தெரியும்படி படமெடுத்து, பில்லோடு விற்றவருக்கும் பதிப்பகத்துக்கும் அனுப்புங்கள். இப்படிப்பட்ட பிரதியைப் பெரும்பாலான பதிப்பகங்கள் பேசாமல் மாற்றித் தந்துவிடும். இரண்டு பேரும் அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.